ஒரே பதிவில் பல நாடுகள்: ஆப்பிரிக்காவின் இரு டிரேட்மார்க் அமைப்புகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

டோகோவின் தலைநகரம் லோமே, கானா எல்லையை ஒட்டியே அமைந்திருக்கிறது. நகரின் மேற்குக் கோடியில் உள்ள சோதனைச் சாவடியைத் தாண்டினால் அஃப்லாவ்; அது கானா. லோமேயில் சோப்பு தயாரித்து விற்கும் ஒருவர் தன் பிராண்டு பெயரைப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே பதிவு டோகோவில் மட்டுமல்ல, செனகல், கேமரூன், காபோன், சாட் என்று 17 நாடுகளில் செல்லும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் கொமரோஸ் தீவுகளிலும் செல்லும். சாவடிக்கு அந்தப் பக்கம், நடந்தே போய்விடக்கூடிய அஃப்லாவில் மட்டும் செல்லாது. கானாவுக்கு அவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதில் வியப்பு என்னவென்றால், கானாவுக்கு நில எல்லை கொண்ட மூன்று நாடுகளுமே, அதாவது ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ, டோகோ, அந்த 17க்குள் இருக்கின்றன.

அண்டை நாடுகள் சேர்ந்து ஒரு பொதுவான டிரேட்மார்க் பதிவு முறையை எப்படிக் கட்டலாம் என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆப்பிரிக்காவைவிட நல்ல களம் கிடையாது. ஒரே கண்டத்தில், பக்கத்துப் பக்கத்து நாடுகளில், இரண்டு அமைப்புகள் இரண்டு நேர்மாறான வழிகளில் இதே வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகின்றன. இப்படி ஓர் அமைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அலுவலகம் எந்த நகரத்தில், கட்டணம் எவ்வளவு, மொழி எது என்பதில்தான் அரசுகள் முட்டிக்கொள்கின்றன. அவையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த இரு அமைப்புகளின் வரலாற்றைப் படித்தால், வெற்றி தோல்வியைத் தீர்மானித்த கேள்வி வேறு என்பது தெரிகிறது. பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வணிகர் ஏதாவது ஓர் உறுப்பு நாட்டின் நீதிமன்றத்தில் போய் நின்றால், அந்த நீதிபதி அதை ஏற்பாரா? இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

எல்லையோடு நின்றுபோகும் உரிமை

டிரேட்மார்க் உரிமை நாட்டெல்லையோடு நின்றுபோகும். தொழில்சார் சொத்து பற்றிய 1883ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கை பல வசதிகளைத் தந்தாலும், ஒரு நாட்டில் பதிவான முத்திரை, அதாவது டிரேட்மார்க், மற்ற நாடுகளில் பதிவான அதே முத்திரையைச் சாராது என்பதே அதன் விதி. சரக்கு எல்லை தாண்டாத காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. சுங்கச் சுவர்கள் இறங்கத் தொடங்கியதும் உறுத்தியது.

எவ்வளவு தூரம் உறுத்தும் என்பதற்கு ஐரோப்பாவின் 'ஹாக்' காபி வழக்குகளைச் சொல்லியே ஆக வேண்டும். காஃபின் நீக்கிய காபி தயாரித்த ஜெர்மனியின் ஹாக் நிறுவனம் 1927இல் பெல்ஜியத்தில் ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்தக் கிளை எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதலாகி, வேறு கைக்கு விற்கப்பட்டது. அதனால் ஒரே பெயர், ஒரே பொருள், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் உரிமையாளர், அந்தப் பக்கம் இன்னொருவர் என்றாகிவிட்டது. ஜெர்மன் ஹாக் தன் காபியை லக்ஸம்பர்க்கில் விற்க வந்தபோது பெல்ஜிய முத்திரைக்காரர் வழக்குப் போட்டார். சரக்கை மறிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1974இல் சொன்னது. பின்னால் பெல்ஜியக் காபி ஜெர்மனிக்குள் வந்தது. இம்முறை ஜெர்மன் ஹாக் வழக்குப் போட்டது. 1990இல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே கைவிட்டு, மறிக்கலாம் என்றது. பொதுச் சந்தை முதலில் வந்துவிட்டது; பொதுப் பதிவு பின்தங்கிவிட்டது. இடையில் நின்ற நீதிபதிகள் 16 ஆண்டுகளில் இரண்டு நேரெதிர்ப் பதில்களைச் சொல்ல வேண்டியிருந்தது. பொதுப் பதிவு என்பது அலுவலக வசதிக்கான சங்கதி என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

யாவுண்டே வழி: நாட்டுச் சட்டத்தையே விட்டுக்கொடுத்தல்

பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு விடுதலைக்கு முன் தனிப் பதிவகம் இருந்ததில்லை. பாரிஸில் இருந்த பிரெஞ்சு அலுவலகமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. 1960 வாக்கில் வரிசையாக விடுதலை வந்தபோது, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பதிவகம், அதற்கான சட்டம், ஆய்வாளர்கள் என்று தொடங்க வேண்டிய நிலை. அதற்கான பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1962 செப்டம்பர் 13 அன்று காபோனின் லிப்ரவீலில் 12 நாடுகள் கூடி, நமக்கு ஒரே அலுவலகம் போதும் என்று உடன்படிக்கை போட்டன. அலுவலகம் கேமரூனின் யாவுண்டேயில் அமைந்தது. பின்னர் மடகாஸ்கர் விலகியது. மற்ற நாடுகள் 1977 மார்ச் 2 அன்று மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் புதிய உடன்படிக்கை செய்து, அமைப்பை 'ஆப்பிரிக்க அறிவுசார் சொத்து அமைப்பு' என்று மாற்றியமைத்தன. பிரெஞ்சுச் சுருக்கப்படி அது ஓஆபி.

ஓஆபியின் முழு பலமும் ஒரே ஒரு முடிவில் இருக்கிறது. பாங்கி உடன்படிக்கை என்பது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டங்களில் பின்பற்ற வேண்டிய வழிகாட்டி அல்ல. அதுவே ஒவ்வொரு நாட்டின் டிரேட்மார்க் சட்டம். செனகலின் தலைநகர் டக்காரில் ஒரு வழக்கறிஞர் முத்திரை மீறல் வழக்கைத் தாக்கல் செய்தால், அவர் காட்டுவது பாங்கி உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பை. செனகலுக்கென்று வேறொரு டிரேட்மார்க் சட்டமோ வேறொரு தேசியப் பதிவேடோ கிடையாது. பிரெஞ்சு மரபிலிருந்து வந்த அரசியலமைப்புகளில், முறைப்படி உறுதிப்படுத்தி வெளியிடப்பட்ட உடன்படிக்கை நாட்டுச் சட்டத்துக்கும் மேலாக நிற்கும் என்பது இதற்கு வசதியாக அமைந்தது. நாடாளுமன்றம் மறுபடி ஒரு சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு முத்திரையின் செல்லுபடி பற்றி ஓர் உறுப்பு நாட்டு நீதிமன்றம் தரும் இறுதித் தீர்ப்பு, பொது ஒழுங்கையும் நல்லொழுக்கத்தையும் காரணமாகக் காட்டியதாக இல்லாவிட்டால், மற்ற எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் ஒரு பதிவு செல்லாது என்று இறுதியாகத் தீர்ந்தால், அது மாலியின் பமாகோவிலும் தீர்ந்தது. தங்கள் நீதித்துறையின் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பக்கத்து நாட்டு நீதிபதியின் கையில் கொடுக்க இத்தனை நாடுகள் ஒப்புக்கொண்டதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைவிட ஆழமான நம்பிக்கை உலகின் பிராந்திய அமைப்புகளில் அரிது.

இந்த வழிக்கு விலையும் உண்டு. முதல் விலை: நாடுகளைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டே நாடுகளில் வியாபாரம் செய்பவரும் 17 நாடுகளுக்கான பதிவைத்தான் வாங்க வேண்டும். நைஜரில் யாரோ ஒருவர் முன்பே பெற்ற பதிவு, காபோனில் மட்டும் விற்க நினைப்பவரின் விண்ணப்பத்தையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.

இரண்டாவது விலைதான் என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்கிறது. ஓஆபியில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. அலுவலகம் விண்ணப்பத்தின் வடிவத்தையும், பெயர் அடிப்படையிலேயே பதிவுக்குத் தகுதியானதா என்பதையும் பார்க்கும். ஏற்கெனவே உள்ள வேறொருவர் முத்திரையோடு மோதுகிறதா என்று தானாகத் தேடிப்பார்த்து நிராகரிக்காது. அந்த வேலை முத்திரைக்காரர்களுடையது. அவர்கள் அறிவிப்பைப் பார்த்து ஆட்சேபம் எழுப்ப வேண்டும். ஒரு நாட்டில் இந்த முறை இருந்தால், பிறர் பெயரை முந்திக்கொண்டு பதிவு செய்பவரால் அந்த நாட்டில்தான் சேதம். ஓஆபியில் அவர் ஒரே கட்டணத்தில் 17 நாடுகளின் சந்தையைப் பூட்டிவிட முடியும். சேர்ந்து கிடைக்கும் பலம் நேர்மையானவருக்கு எவ்வளவோ, ஏமாற்ற நினைப்பவருக்கும் அவ்வளவே.

1999இல் திருத்திய சட்டப்படி, முத்திரை முதலில் பதிவாகிவிடும்; பிறகு அறிவிப்பு வரும்; அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். 2015 டிசம்பரில் பமாகோவில் செய்த திருத்தம் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. டிரேட்மார்க் பகுதி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது விண்ணப்பம்தான் முதலில் அறிவிக்கப்படுகிறது. ஆட்சேபக் காலம் மூன்று மாதம். அது முடிந்த பிறகே பதிவு. வரிசை மாறியது சரியான முடிவு. சான்றிதழ் கைக்குப் போன பிறகு அதைப் பிடுங்குவதைவிட, போகும் முன் தடுப்பது எளிது. ஆனால் கால அளவைப் பாதியாக்கியது யாருக்கு உதவும் என்று யோசிக்க வேண்டும். முத்திரைகளைக் கண்காணிக்க ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு மூன்று மாதம் தாராளம். தானே தயாரித்துத் தானே விற்கும் சிறு வணிகர், யாவுண்டேயில் வெளியாகும் அறிவிதழைத் தவறாமல் புரட்டிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? பல நாடுகளுக்கான பதிவில் ஆட்சேபக் காலம் ஒரு நாட்டுப் பதிவகத்தில் இருப்பதைவிட நீளமாக இருப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக, பதிவுக்கு ஒரே கதவு திறந்துவிட்டாலும் மீறலைத் தடுக்க ஒரே கதவு இல்லை. போலிச் சரக்கு நான்கு நாடுகளில் கிடந்தால் நான்கு நாட்டு நீதிமன்றங்களிலும் தனித்தனியாகத்தான் போராட வேண்டும். இதே வட்டார நாடுகள் பெரும்பாலும் உறுப்பினராக உள்ள வணிகச் சட்ட ஒருங்கிணைப்பு அமைப்பான ஓஹாடாவுக்கு அபிஜானில் ஒரு பொது நீதிமன்றம் இருக்கிறது. நிறுவனச் சட்டம், கடன் வசூல் போன்றவற்றில் அதன் தீர்ப்பே இறுதி. அறிவுசார் சொத்து அந்தப் பொதுச் சட்டங்களுக்குள் வரவில்லை. நீதிமன்றமும் இருக்கிறது, பொதுச் சட்டமும் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன.

ஹராரே வழி: ஜன்னல் ஒன்று, சட்டம் பல

ஆங்கிலம் பேசும் நாடுகள் வேறு பாதையில் போயின. 1976 டிசம்பர் 9 அன்று சாம்பியாவின் லுசாகாவில் செய்த உடன்படிக்கையிலிருந்து பிறந்தது இன்றைய 'ஆப்பிரிக்கப் பிராந்திய அறிவுசார் சொத்து அமைப்பு'. ஆங்கிலச் சுருக்கப்படி அது அரிப்போ. தலைமையகம் ஜிம்பாப்வேயின் ஹராரே. டிரேட்மார்க்குக்கான பஞ்சுல் நெறிமுறை 1993 நவம்பரில் காம்பியாவின் தலைநகர் பஞ்சுலில் ஏற்கப்பட்டு, 1997 மார்ச் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அரிப்போவில் உறுப்பினராக இருக்கும் நாடுகள் எல்லாம் இதில் சேரவில்லை. லோமேக்குப் பக்கத்தில் இருக்கும் கானா அப்படி வெளியே நிற்கும் நாடுகளில் ஒன்று. கென்யாவும் சாம்பியாவும் அப்படியே. ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளான நைஜீரியாவும் தென்னாப்பிரிக்காவும் ஓஆபி, அரிப்போ இரண்டிலுமே இல்லை.

பஞ்சுல் முறை கேட்பதற்கு அழகாக இருக்கும். ஒரே விண்ணப்பம் போடுங்கள். எந்தெந்த நாடுகள் வேண்டுமோ அவற்றை மட்டும் குறியுங்கள். ஹராரே வடிவத்தைச் சரிபார்த்து அந்தந்த நாடுகளுக்கு அனுப்பும். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஆராய்ந்து, குறித்த காலத்துக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் அந்த நாட்டில் பதிவு உறுதி. போட்ஸ்வானா மறுத்தால் போட்ஸ்வானா மட்டும் போகும். மலாவியும் லெசோத்தோவும் நிற்கும். ஓஆபியில் ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் கவிழும் என்ற பயம் இங்கே இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தையும் பதிவகத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. யாருடைய இறையாண்மைக்கும் பங்கமில்லை.

சிக்கல் அந்த இறையாண்மையிலேயே ஒளிந்திருந்தது. பிரிட்டிஷ் மரபில் வந்த நாடுகளில் அரசு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்திவிட்டால் மட்டும் அது நாட்டுச் சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்றி அதை உள்நாட்டுச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்காதவரை, வெளிநாடுகளுக்கு முன் அரசு கட்டுப்பட்டிருக்கும்; ஆனால் உள்ளூர் நீதிபதி அந்த உடன்படிக்கையைக் கையில் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

பஞ்சுலில் சேர்ந்த பல நாடுகள் இந்த இரண்டாவது வேலையை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டன. நமீபியா 2004இல் சேர்ந்தது. அரிப்போ பதிவுகளை ஏற்கும் விதிகளோடு புதிய தொழில்சார் சொத்துச் சட்டத்தை 2012இல் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2018 ஆகஸ்டில். சேர்ந்த நாளுக்கும் சட்டம் உயிர்பெற்ற நாளுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் நமீபியாவைக் குறித்துப் பணம் கட்டியவர்களின் சான்றிதழ், வின்ட்ஹுக் நீதிமன்றத்தில் என்ன மதிப்புப் பெறும் என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. டான்சானியாவில் சிக்கல் இரட்டிப்பு. அதன் டிரேட்மார்க் சட்டம் அரிப்போ பதிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு புறம். பெருநிலத்துக்கும் சான்சிபார் தீவுகளுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிப் பதிவகம் என்பது மறுபுறம். விண்ணப்பத்தில் டான்சானியா என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் எந்த டான்சானியா கிடைக்கும்?

இதன் விளைவை வழக்கறிஞர்களின் அறிவுரையில் பார்க்கலாம். அரிப்போ வழியில் போடுங்கள், ஆனால் முக்கியமான நாடுகளில் நேரடியாகவும் தனியே பதிவு செய்துவிடுங்கள் என்பதே பல ஆண்டுகளாக அவர்கள் சொல்லி வந்தது. செலவைக் குறைக்கப் பிறந்த அமைப்பு, செலவை இரண்டு மடங்காக்கிய கதை இது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் ஊழல் செய்யவில்லை. ஹராரேயில் அலுவலகம் நன்றாகவே இயங்கியது. விண்ணப்பங்களை முறையாக அனுப்பியது. அனுப்பிய இடத்தில் அவற்றை ஏந்திக்கொள்ளச் சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

யாவுண்டேக்கும் அதே சோதனை

உள்நாட்டுச் சட்டச் சிக்கல் பிரிட்டிஷ் மரபின் தனி நோய் என்று ஓஆபி நாடுகள் நிம்மதி கொள்ள முடியவில்லை. உலகளாவிய பதிவு முறையான மாட்ரிட் நெறிமுறையில் ஓஆபி ஓர் அமைப்பாகச் சேர்ந்தது. 2015 மார்ச் 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கட்டத்தில் குறியிட்டு 17 நாடுகளையும் பெறலாம் என்ற நிலை. உடனே அந்த வட்டாரத்து வழக்கறிஞர்களிடமிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது நடைமுறையில் இருந்த பாங்கி உடன்படிக்கையில் மாட்ரிட் பதிவுக்கு இடமே இல்லை. உடன்படிக்கையே நாட்டுச் சட்டம் என்னும்போது, அதில் இல்லாத ஒரு பதிவு எந்த நீதிமன்றத்தில் நிற்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பமாகோ திருத்தம் மாட்ரிட் பதிவுகளுக்கு இடம் வகுத்தது. ஆனால் அது நடைமுறைக்கு வர 2022 ஆனது. ஹராரேயைச் சுட்ட அதே நெருப்பு யாவுண்டேயையும் தொட்டுப் பார்த்தது.

அலிகாண்டே எடுத்த நடுவழி

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே ஒன்றைக் கட்டியது. ஸ்பெயினின் அலிகாண்டேயில் உள்ள அலுவலகம் 1996 ஏப்ரல் 1 முதல் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. ஒரே பதிவு, ஒன்றியம் முழுவதற்கும் ஒரே உரிமை. இதுவரை ஓஆபியைப் போலத்தான். ஆனால் தேசியப் பதிவகங்களை மூடவில்லை. சிறிய வணிகர் தன் நாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர் அலிகாண்டே போகலாம். பொதுப் பதிவு ஏதோ ஒரு நாட்டின் தடையால் கவிழ்ந்தால், தடையில்லாத நாடுகளில் அதைத் தேசிய விண்ணப்பங்களாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் விண்ணப்பித்த தேதியும் போகாது. இந்த மாற்று வழி சின்ன விதிபோலத் தோன்றும். ஆனால் ஒரே உரிமை என்ற கடுமையைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது இதுதான். எல்லாவற்றுக்கும் மேலே ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கிறது. சொல்லின் பொருள் என்ன என்பதில் ஒரே குரல் கிடைக்கிறது.

கடுமை எப்படி இருக்கும் என்பதற்கு கிட்கேட் வழக்கு. நான்கு விரல் வடிவச் சாக்லேட்டின் உருவத்தையே நெஸ்லே பொதுப் பதிவாகப் பெற்றிருந்தது. வெறும் வடிவம் தானாக அடையாளமாகாது. மக்கள் அதைப் பார்த்ததுமே அந்தத் தயாரிப்பாளரை நினைக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன் உட்படப் பத்து நாடுகளில் அப்படிப் பழகிவிட்டது என்று நெஸ்லேயால் காட்ட முடிந்தது. பெல்ஜியம், அயர்லாந்து, கிரீஸ், போர்ச்சுகல் போன்ற நாடுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒன்றியத்தின் மக்கள்தொகையில் பெரும்பகுதி அந்தப் பத்து நாடுகளில் இருந்தாலும் அது போதாது என்று 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. உரிமை ஒன்று என்றால் அதற்கான தகுதியும் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.

பெற்ற உரிமையைத் தக்கவைப்பதில் அளவுகோல் வேறு. ஒரே நாட்டுக்குள் மட்டும் பயன்படுத்தினால் பொதுப் பதிவு நிலைக்குமா என்ற கேள்வி நெதர்லாந்தின் 'ஒனெல்', 'ஓமெல்' முத்திரைகள் மோதியபோது எழுந்தது. நாட்டெல்லைகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அந்தச் சந்தையில் அந்தப் பொருளுக்கு அது உண்மையான பயன்பாடா என்று மட்டும் பாருங்கள் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. புதிதாக ஓர் அமைப்பைக் கட்டுகிறவர்கள் இவ்விரண்டு கேள்விகளுக்கும் சட்டத்திலேயே பதில் எழுதிவிடுவது நல்லது. ஐரோப்பாவுக்குப் பதில் கிடைக்க, பதிவு தொடங்கிய நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் வரை பிடித்தது.

வேறு வட்டாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொலிவியா, கொலம்பியா, எக்வடோர், பெரு ஆகிய ஆண்டிய நாடுகள் பதிவைப் பொதுவாக்கவில்லை, சட்டத்தைப் பொதுவாக்கின. கூடவே, ஒரு நாட்டில் முத்திரை வைத்திருப்பவர் அண்டை நாட்டில் வரும் விண்ணப்பத்தை ஆட்சேபிக்கலாம் என்று ஒரு விதியைச் சேர்த்தன. தனக்கு அங்கே உண்மையான ஆர்வம் உண்டு என்று காட்ட அவரும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். முந்திக்கொண்டு பதிவு செய்பவர்களுக்கு எதிராக இதைவிடச் சிக்கனமான கருவியை நான் பார்த்ததில்லை. வளைகுடா நாடுகளும் ஒரு பொதுச் சட்டத்தை எழுதின. பதிவு இன்றும் நாட்டுக்கு நாடு தனித்தனிதான். தென்கிழக்கு ஆசிய நாடுகள் 1995 உடன்படிக்கையில் பொதுவான டிரேட்மார்க் அமைப்பை ஆராய்வோம் என்றன. கடைசியில் பெரும்பாலானவை தனித்தனியாக மாட்ரிட்டில் சேர்ந்து நிறுத்திக்கொண்டன.

இப்போது வரைவு எழுதினால்

மறுபடி ஆப்பிரிக்காவுக்கு. இரு அமைப்புகளையும் ஒரே குடைக்குள் கொண்டுவர ஆப்பிரிக்க ஒன்றியம் 2016இல் ஓர் அனைத்து ஆப்பிரிக்க அறிவுசார் சொத்து அமைப்புக்கான சாசனத்தை ஏற்றது. தலைமையகத்துக்கு துனிசியா முன்வந்தது. கண்டம் தழுவிய சுதந்திர வர்த்தகப் பகுதிக்கான அறிவுசார் சொத்து நெறிமுறை 2023 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. இவற்றை இணைக்கும் முயற்சியில் இருப்பவர்களுக்கும், வேறெந்த அண்டை நாடுகள் இப்படியொரு பேச்சைத் தொடங்கினாலும் அவர்களுக்கும், நான் முதலில் சொல்வது இதுதான்: உறுப்பு நாடு தன் உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது என்று சான்று தரும்வரை, விண்ணப்பப் படிவத்தில் அந்த நாட்டின் பெயரே இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட நாளில் அல்ல, சட்டம் உயிர்பெற்ற நாளில்தான் கட்டம் திறக்க வேண்டும். இந்த ஒரு விதி பஞ்சுலில் இருந்திருந்தால், பணம் கட்டியவர்கள் பலர் ஏமாந்திருக்க மாட்டார்கள். கட்டணத்தில் பங்கு வரவில்லையே என்று நாடாளுமன்றங்களும் விரைந்திருக்கும்.

கட்டணப் பங்கீட்டை நான் அற்பமாகச் சொல்லவில்லை. சிறிய நாட்டுப் பதிவகம் பெரும்பாலும் தன் கட்டண வருமானத்திலேயே வாழ்கிறது. பொது அலுவலகம் வந்தால் அந்த வருமானம் போய்விடும் என்ற பயமே பல பேச்சுகளை மௌனமாக முறித்திருக்கிறது. வெளியே மொழி, இறையாண்மை என்று வேறு காரணம் சொல்லப்படும். அலிகாண்டே அலுவலகம் தன் ஆண்டு வருவாயில் 15 சதவீதம் வரை தேசிய அலுவலகங்களுடனான கூட்டுத் திட்டங்களுக்குச் செலவிட ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே மேசையில் வைத்துப் பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஏற்கெனவே உள்ள உரிமைகளை என்ன செய்வது என்பது அடுத்த முள். இரண்டு நாடுகளில் இரண்டு பேர் ஒரே பெயரை நேர்மையாக வைத்திருக்கலாம். ஹாக் அப்படித்தான் இருந்தது. புதிய நாடு சேரும்போது ஐரோப்பாவில் பழைய பொதுப் பதிவுகள் தாமாகவே அந்த நாட்டுக்கு நீளும். அங்கே முன்பே உரிமை வைத்திருந்தவர், தன் நாட்டில் மட்டும் அந்த முத்திரையின் பயன்பாட்டைத் தடுக்கலாம். ஓஆபியில் அப்படித் தானாக நீளாது. கினி பிசாவ், எக்வடோரியல் கினி, கொமரோஸ் போன்று பின்னால் வந்த நாடுகளுக்கு, பழைய முத்திரைக்காரர்கள் தனியே நீட்டிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டில் ஐரோப்பிய வழியே எனக்குச் சரியென்று படுகிறது. விண்ணப்பிக்கச் சொன்னால், விவரம் தெரிந்தவர் மட்டுமே விண்ணப்பிப்பார்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விலகல். திருமணப் பேச்சில் மணமுறிவைப் பற்றிக் கேட்பது போல, இதை எழுப்பினால் தூதர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மடகாஸ்கர் போனது. ஆண்டியக் கூட்டமைப்பிலிருந்து வெனிசுவேலா 2006இல் போனது. ஐரோப்பாவிலிருந்து பிரிட்டன் போனது. பிரிட்டன் விஷயத்தில் மாறுதல் காலம் 2020 டிசம்பர் 31 நள்ளிரவு முடிந்தபோது, ஏறத்தாழ 14 லட்சம் ஐரோப்பியப் பதிவுகளுக்கு நிகரான பிரிட்டிஷ் பதிவுகள் தாமாகவே உருவாயின. யாரும் படிவம் நிரப்பவில்லை, கட்டணம் கட்டவில்லை. பழைய விண்ணப்பத் தேதியும் அப்படியே தொடர்ந்தது. பதிவாகாமல் நிலுவையில் இருந்தவர்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க ஒன்பது மாத அவகாசம் கிடைத்தது. இது விலகல் பேரத்தில் வந்த ஏற்பாடு. பொதுப் பதிவை உருவாக்கிய சட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேரம் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முத்திரைக்காரர்கள் சில ஆண்டுகள் தூக்கமின்றிக் கிடந்தார்கள். பலர் முன்னெச்சரிக்கையாகப் பிரிட்டனில் தனியே பதிவும் செய்துகொண்டார்கள். ஒரு நாடு விலகினால் அங்கே இருக்கும் பொதுப் பதிவுகள் அன்றைய தினமே அதே தேதியோடு அந்த நாட்டின் தேசியப் பதிவுகளாக மாறும் என்ற ஒரே வாக்கியம் உடன்படிக்கையில் இருந்தால் போதும். அரசுகள் நட்பாக இருக்கும் நாளில் அதை எழுதிக்கொள்ள ஒரு பகல் ஆகும்.